செத்த வீட்டிலயிருந்து வெளிக்கிடுறது எப்படி

1

வாற சனிக்கிழமையோட டானி பிளேனோட விழுந்து ஒரு வருசம். எங்கட வீட்டுக்கு முன் வீட்டில, அவன்ட தாய் றோஸ் அக்கா முத்தத்தில நெருப்பு மூட்டி, ஊர்ச்சனத்துக்கெல்லாம் சாப்பாடு குடுக்கப் போறாவாம். கடையில சொன்னாங்க, தபால் கந்தோர்ல சொன்னாங்க. எங்களுக்கு மட்டும் ஆரும் சொல்லல்ல.

சொல்லாட்டி என்ன? நல்லதுக்கு அழைச்சாப் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ எண்டு வளர்ந்த ஆக்கள் நாங்க. போறதில எனக்குப் பிரச்சினை இல்ல. போனா அங்கயிருந்து எப்படி வெளிக்கிடுறது எண்டதுதான் பிரச்சினை. சிரிக்காதீங்க. தலை நரைச்ச வயசில ஒரு வீட்டு வாசலால எப்படி வெளிய வாறது எண்டு தெரியாம முழிக்கிற ஆள் இந்தக் கனடாவில நான் ஒருத்தனாத்தான் இருப்பன்.

போன வருசம் அந்த வீட்டை விட்டு நான் வெளிக்கிட்ட விதத்தாலதான் றோஸ் அக்கா எங்களோட கதைக்கிறத விட்டவ. இந்த ஊரில எங்களுக்குச் சொந்தமெண்டு இருந்தது அவ ஒராள்தான். நேரில றோஸ் எண்டுதான் கூப்பிடுறது, இங்கத்தய வழக்கம் அது. எழுதக்குள்ள எனக்குக் கை கூசுது, அதால அக்கா எண்டே எழுதுறன். அவ இங்கிலீசில சொன்னதையும் எங்கட பாஷையிலயே எழுதுறன். எனக்கு அது அப்படித்தான் காதில விழுந்தது.

இந்த ஊர்ட பேரைச் சொன்னாலும் உங்களுக்கு விளங்காது. கனடாப் படத்தில ரொறன்ரோவில விரலை வைச்சு மேல, இன்னும் மேல கொண்டுபோங்க. றோட்டெல்லாம் முடிஞ்சாப் பிறகு ஒரு பெரிய ஏரி வரும், அதுட கரையில இருக்கிறம். பால்மாவும் முட்டையும் வாறதும், பிள்ளைப்பேறுக்குப் பெண்டுகள் போறதும் எல்லாம் சின்னப் பிளேன்லதான். அந்தப் பிளேனுகளுக்குச் சாமான் ஏத்துறதுதான் என்ட வேலை. ரெண்டு வருசத்துக்கெண்டு வந்தம். மகள் அபி அப்ப கைப்பிள்ள, இப்ப காரோட்டப் பழகுறாள்.

2

டானி பைலட். இந்த மண்ணின்ட ஆதிக்குடிச் சனம். நாங்க வந்து குடியேறக்குள்ள அவன் பள்ளிக்கூடப் பொடியன், பிறகு தெற்க போய்ப் படிச்சு, பிளேன் ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தான். படிக்கப் போற பிள்ளைகள் திரும்பி வாறது இந்த ஊரில அருமை. றோஸ் அக்காவுக்கு அவன் ஒருத்தன்தான். புருசன் எப்பவோ செத்துப் போனார்.

சின்னப் பிளேன்ல ஆக்களையும் நிறுக்கணும். சந்தையில கோழி நிறுக்கிற மாதிரி ஒவ்வொருத்தரையும் தராசில ஏத்தி, பெட்டியையும் நிறுத்து, எதை முன்னுக்கு வைக்கிற, எதைப் பின்னுக்கு வைக்கிற எண்டு பார்த்து, கடைசியாச் சாமானுக்கு மேல வலை போட்டு இழுத்துக் கட்டணும். பனிச்சங்கேணியில, மீன்பிடிக் குடியில பிறந்த எனக்கு வலையும் முடிச்சும் ஆரும் பழக்கத் தேவையில்ல. டானி என்ட முடிச்சைப் பார்த்துப்போட்டு, “அண்ணே, இதை அவிழ்க்கிறதுக்கு உன்னையும் கூடக் கூட்டிக்கொண்டு போகணும் போல” எண்டு நக்கலடிப்பான். அண்ணே எண்டு கூப்பிட தவம்தான் பழக்கினவள். தவம் என்ட மனுசி, நாவற்குடாக்காரி. டவுனுக்குக் கிட்டப் பிறந்த திமிர் அவளுக்கு இன்னும் போகல்ல, என்ட ஊர்ப் பக்கத்தை வைச்சு என்னை இப்பவும் வாகரைக் காட்டான் எண்டுதான் சொல்லுறவள்.

றோஸ் அக்கா ஏரி மீனைக் கீறிப் புகை போட்டுத் தருவா. தவம் அதைப் புளி விட்டுக் குழம்பு வைச்சு அதே சட்டியில திருப்பி அனுப்புவாள். இப்படிச் சட்டி ரெண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து, கடைசியில அது ஆர்ட சட்டி எண்டே தெரியாமப் போச்சு.

பிளேன் கதவைச் சாத்தக்குள்ள நான் வாய்க்குள்ள ஒண்டு சொல்லுறது. ஒரு நாள் டானி கேட்டான், “என்ன அண்ணே மந்திரம்?” எண்டு. நான் சொன்னன், “எங்கட ஊரில வெளிக்கிடுற ஆளைப் போ எண்டு சொல்லமாட்டம். போயிட்டு வா எண்டுதான் சொல்லுவம். அதுக்கு நீ வாறன் எண்டு சொல்லணும்.” அண்டையிலயிருந்து அவன் கண்ணாடியில இருக்கிற சின்ன ஜன்னலைத் தள்ளி, “வாறன்!” எண்டு கத்திப்போட்டுத்தான் எஞ்சினைக் கிளப்புவான். எங்கட அபி வாயில அந்த றகரம் இண்டைக்கும் ஒழுங்கா வராது, டானி வாயில சிங்கம் மாதிரி வந்தது. தமிழை அந்த வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பிச்சிருக்கலாம் எண்டு தவம் சொல்லிச் சிரிப்பாள்.

3

அண்டைக்கும் கத்தினான்.

ஏரிக்கு அங்கால இருக்கிற ஊருக்கு ஓட்டம். ஆஸ்பத்திரியால திரும்பிற ஒரு வயசாளி, பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த ஒரு டீச்சர், கொஞ்சம் சாமான். இறக்கையில இருந்த பனியை ரெண்டு பேருமாத் தட்டினம். நான் கதவைச் சாத்தி, “போயிட்டு வா” எண்டன். “வாறன்” எண்டான். ஏரிப் பக்கம் வெள்ளையா ஒரு மூடல் வந்துகொண்டிருந்தது, ஆனா அது இங்க எந்த நாளும் வாறதுதான். பிறகு றேடியோவில சத்தம் வரல்ல. பொழுதுபடுறதுக்கு முன்னம் ஏரி ஐசில கண்டுபிடிச்சாங்க. ஒருத்தரும் மிஞ்சல்ல.

பனிச்சங்கேணிக்குச் செய்தி எப்படிப் போச்சுதெண்டு இண்டைக்கும் தெரியாது. மச்சான் ஒருத்தன் அம்மாவிட்டப் போய், “வடக்கில பிளேன் விழுந்திட்டாம்” எண்டிருக்கிறான். அம்மாவுக்கு வடக்கு எண்டா யாழ்ப்பாணம்தான். அந்தச் சனத்துக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறா, பின்னேரம்தான் அது என்ட வடக்கு எண்டு விளங்கி அலறிக்கொண்டு போன் எடுத்தா.

“நீ அதில ஏறல்லத்தானே மனே?”

“இல்லம்மா. சாமான் ஏத்தினது நான். ஓட்டினது எங்கட டானி.”

“நீ ஏறல்லத்தானே. அது காணும். கோயில்ல அம்மாளுக்குப் பொங்கி வைக்கிறன்.”

சொன்ன மாதிரியே பொங்கினா. படம் எடுத்தும் அனுப்பினாங்க, வாழையிலயில பொங்கல், பக்கத்தில அம்மா சிரிச்சுக்கொண்டு. நான் அந்தப் படத்தைப் பார்த்துப்போட்டு ஜன்னலால முன் வீட்டைப் பார்த்தன். அங்க சனம் கூடத் தொடங்கியிருந்தது. தாயொருத்தி பொங்குறா, தாயொருத்தி பிள்ளையத் துலைச்சுப்போட்டு நிக்கிறா. எனக்கு அம்மாவில கோவம் வந்தது. அம்மாவில ஏன் கோவிக்கணும் எண்டு நினைக்க என்னில கோவம் வந்தது. போனைக் கவிட்டு வைச்சன்.

4

செத்த வீட்டுக்கு நாங்க எப்படிப் போறமோ அப்படித்தான் போனன். அந்த வீட்டில அடுப்பெரியாது எண்ட எண்ணத்தில தவம் சோறும் பருப்பும் மீன்குழம்பும் ஆக்கித் தந்தாள். பெரிய சட்டியில கட்டிக்கொண்டு றோட்டைக் கடந்தன். தவத்துக்கு வேலை, பின்னேரம் வாறன் எண்டாள்.

போய்ப் பார்த்தா எனக்குத் தலை சுத்திப் போச்சு. எங்கட ஊரில செத்த வீட்டில நெருப்பு மூட்டுறல்ல. இங்க முத்தத்தில விறகு அடுக்கி நெருப்பு எரியுது, அது அடக்கம் முடியிற வரைக்கும் அணையக் கூடாதாம். கூடப்பிறந்ததுகள்ட பொடியன்மார், றோஸ் அக்காட பெறாமக்கள், மாறி மாறிக் காவல் நிக்கிறாங்க. உள்ளுக்கு அடுப்பில பெரிய பெரிய சட்டி கொதிக்குது. ஒப்பாரி இல்ல. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு டானி சின்னதில செய்த குழப்படியெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாங்க. ஒரு மேசையில காட்ஸ் விளையாடுறாங்க. பிரேதத்தைச் சோதனைக்கெண்டு தெற்க கொண்டுபோயிட்டாங்க. பிரேதமும் இல்ல, அழுகையும் இல்ல, அப்ப இது செத்த வீடா, இல்லயா? எந்த மூஞ்சையோட இருக்கிறது எண்டே எனக்குத் தெரியல்ல.

றோஸ் அக்கா என்ட சட்டியை வாங்கினா. திறந்து மணந்து பார்த்தா. ஒரு தட்டில கொஞ்சம் சோறும் குழம்பும் போட்டு, என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு முத்தத்துக்குப் போய், அதை நெருப்பில போட்டா. “டானிக்கு” எண்டா.

படைக்கிறா. எங்கட ஆக்கள் முப்பத்தோராம் நாள் படைக்கிற மாதிரி, தவத்தின்ட மீன்குழம்பை அவனுக்குப் படைக்கிறா. அந்த இடத்தில எனக்கு உடைஞ்சு போச்சு. அவ்வளவு சனத்துக்கு முன்னால ஓவெண்டு அழுதன். அழுத ஆள் அங்க நான் ஒருத்தன்தான். றோஸ் அக்காதான் என்ட முதுகைத் தடவிவிட்டா, பார்த்தீங்களா கதைய.

பிறகு என்ட முகத்தைப் பார்த்துக் கேட்டா: “கடைசியாக் கண்டது நீதானே. என்ட பிள்ள என்ன சொன்னான்?”

அவன் சொன்னது வாறன். எங்கட ஊரில செத்த வீட்டில சொல்லவே கூடாத ஒரு சொல் இருக்கெண்டா அது வாறன். அந்த வீட்டுக்குத் திரும்ப வாறன் எண்டு சொன்னா, இன்னொரு சாவுக்கு வாறன் எண்டுதான் அர்த்தமாம். அதுக்காகத்தானே நாங்க செத்த வீட்டில ஆரிட்டயும் சொல்லாம, திரும்பிப் பாராம வெளிக்கிடுறது. தாய் கேக்கிறா, சொல்லணும். செத்த வீடு, சொல்லக் கூடாது. வாயைத் திறந்தன், மூடினன். அவ பார்த்துக்கொண்டே நிண்டா.

நான் ஒண்டும் சொல்லாம, திரும்பிப் பாராம வந்திட்டன்.

வீட்டு வாசல்ல தவம் வேலைக்குப் போக முன்னம் மஞ்சள் தண்ணி கரைச்சு வாளியில வைச்சிருந்தாள், சாவு வீட்டுத் துடக்கை, தீட்டை, கழுவ. அந்தக் குளிருக்கு அது படியில சிந்தி அப்பிடியே கண்ணாடியா இறுகிப்போச்சு. நான் காலை வைச்சதுதான் தெரியும், வாளியோட சேர்ந்து குப்புற விழுந்தன். முன் வீட்டுச் சனம் முழுக்கப் பார்த்தது. ஓடித்தான் வந்திருக்கிறான் எண்டு நினைச்சிருப்பாங்க.

5

அதையே நினைச்சாங்க எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது. அபி பள்ளிக்கூடத்தால வந்து புத்தகப் பையை எறிஞ்சாள்.

“ஏன் டாடி அப்பிடிச் செய்தீங்க? றோஸ் கேட்டதுக்குப் பதில் சொல்லாமப் போயிட்டீங்களாம். சாமான் ஏத்தினது நீங்க. உங்களுக்கு என்னமோ தெரியும், அதுதான் முகம் பார்க்க ஏலாம ஓடிட்டீங்க எண்டு எல்லாரும் சொல்லுறாங்க.”

அவள் சொன்னது முழுக்க இங்கிலீசில. கோவம் வந்தா அவளுக்குத் தமிழ் போயிரும். எனக்குக் கோவம் வந்தா இங்கிலீசு போயிரும். அதால எங்கட வீட்டுச் சண்டையில ஒருத்தர் சொல்லுறது மற்றவருக்குப் போய்ச் சேர்றல்ல.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லத்தானே. அண்டைக்குப் பின்னேரம் தவம் போக, றோஸ் அக்கா கதவைத் திறந்து, “களைப்பா இருக்கு” எண்டு சாத்திப்போட்டா. எங்கட சட்டி கழுவி வாசல்ல வைச்சிருந்தது. வெறுஞ்சட்டி. தவம் அதைத் தூக்கிக்கொண்டு வந்து குசினியில வைச்சுப்போட்டு அழுதாள்.

அடுத்த நாளே போய்ச் சொல்லியிருக்கலாமே எண்டு நீங்க கேப்பீங்க. போகத்தான் சப்பாத்துப் போட்டன். அதுக்குள்ள கொம்பனி ஆள் வந்து, விசாரணை முடியிற வரைக்கும் செத்த ஆக்கள்ட குடும்பங்களோட இதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது எண்டிட்டான். முன் வீடு எண்டன். முன் வீடெண்டாலும் அப்படித்தான் எண்டான்.

விசாரணைக்காரர் நல்ல மனிசர், ஆனா என்ட இங்கிலீசை நம்பாம, போன்ல தமிழ் பேசுற ஆள் ஒருத்தரைப் பிடிச்சுத் தந்தாங்க. அந்தத் தம்பி எந்த ஊரோ தெரியாது. “சரக்கின் ஈர்ப்பு மையத்தைத் தாங்கள் உறுதிசெய்தீர்களா?” எண்டு கேட்டான். எனக்கு அதைவிட இங்கிலீசு நல்லா விளங்கினது. “தம்பி, நான் வலையை இறுக்கித்தான் கட்டினன்” எண்டன். “வலையா, எந்த வலை?” எண்டு அவன் கேக்க, “நீ மீன் பிடிக்கிறாய் எண்டு அவர் சொல்லுறாரே” எண்டு விசாரணைக்காரர் குழம்ப, மூண்டு பேரும் கொஞ்ச நேரம் மூண்டு ஊரில நிண்டம்.

கட்டினனா? கட்டினன். ஆனா படுக்கப் போகக்குள்ள கை தன்ட பாட்டில போர்வை நுனியை இழுத்து முடிச்சுப் போட்டுப் பார்க்கும்.

போன மாசம்தான் முடிவு வந்தது. ஏத்தின நிறையில பிழையில்ல, அடுக்கினதில பிழையில்ல, விழுந்த காரணம் இன்னதெண்டு உறுதியாச் சொல்ல ஏலாது எண்டு. நான் பிழையில்லயாம். அப்ப எது பிழை? அந்த முடிவு முன் வீட்டுக்கும் போயிருக்கும். கதவு திறக்கல்ல. திறக்காதுதானே, அவக்கு என்னட்ட வேண்டியது நிறைக்கணக்கா? மகன் சொன்ன கடைசிச் சொல்லெல்லோ.

இந்தக் காலத்தில இதையெல்லாமா நம்புறாய் எண்டு நீங்க கேக்கலாம். தெரியாது. என்ட சித்தப்பா ஒருத்தர் பனிச்சங்கேணியில ஒரு செத்த வீட்டில, வாய்ப் பழக்கத்தில, “அப்ப நான் வாறன்” எண்டு சொல்லிப்போட்டார். கொஞ்ச நாளில அந்த வீட்டுப் பொடியன் ஆத்துக்குத் தொழிலுக்குப் போனவன் திரும்பி வரல்ல. வெறுந் தோணிதான் வந்து கரையில முட்டினது. வாவியை நாங்க ஆறு எண்டுதான் சொல்லுற. அது நாட்டில சண்டை நடந்த காலம் எண்டு உங்களுக்குத் தெரியும், சாவு வாறதுக்குச் சித்தப்பாட வாய் தேவையில்ல, வேற எத்தனையோ வழி இருந்தது. ஆனாலும் அதுக்குப் பிறகு அவர் றோட்டால போனா அந்த வீட்டில வாசல் படலையைச் சாத்துவாங்க. கடைசி வரைக்கும் அவர் ஒரு செத்த வீட்டுக்கும் போகல்ல. வேலிக்கு வெளிய நிண்டு பார்த்துப்போட்டுத் திரும்பிருவார். என்ட வாயை அண்டைக்குக் கட்டினது அவர்தான்.

அங்க வாறன் எண்டு சொன்னதுக்குப் படலை சாத்தினாங்க. இங்க சொல்லாம வந்ததுக்குச் சாத்திட்டாங்க. எனக்கு எந்தப் பக்கம் சரியெண்டு இப்பவும் பிடிபடல்ல.

6

வியாழக்கிழமை அம்மாவுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கர்ல போட்டன். தவம் கறிக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு பக்கத்தில. அபி காதில வயரை மாட்டிக்கொண்டு சோபாவில.

“அம்மா, வருசத் திவசத்துக்குப் போனா, வரக்குள்ள சொல்லிப்போட்டு வரலாமா?”

“திவசம் எண்டா சொல்லலாம் மனே. துடக்குக் கழிஞ்சுதானே.”

தவம் கத்தியை நீட்டினாள். “ச்சீ! எங்கட பக்கம் திவசத்துக்கும் சொல்லமாட்டம் மாமி.”

“உங்கட பக்கம் டவுன் புள்ள. டவுனில ஆரு இதெல்லாம் ஒழுங்காச் செய்யிற?”

“முத்தத்தில திரும்ப நெருப்பு எரியுதெண்டா செத்த வீடு முடியல்ல எண்டுதானே அர்த்தம்?” எண்டு நான் கேக்க, அம்மா, “என்ன நெருப்பு? செத்த வீட்டில ஏன் மனே நெருப்பு?” எண்டு தொடங்கினா. நான் விளங்கப்படுத்த, தவம் இடையில திருத்த, அம்மா பக்கத்து வீட்டு ஆளையும் கூப்பிட்டுக் கேக்க, ஆளுக்கொரு நியாயம். கடைசியில அம்மா, “எதுக்கும் போகாம விடு மனே” எண்டு முடிச்சா. போனை வைச்சுத் திரும்பினா, அபி காது வயரைக் கழட்டிப்போட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“வெயிட். அதுதானா? வாறன் எண்டு சொன்னா அவங்கட வீட்டில இன்னொராள் செத்திரும் எண்டுதான் சொல்லாம வந்தீங்களா?”

“ஓம்.”

“றோஸுக்கு ஒண்டும் ஆகக் கூடாது எண்டா?”

“ஓம் புள்ள. வேற என்னத்துக்கு?”

“அப்ப அவ கேட்டதுக்கு ஏன் பதில் சொல்லல்ல?”

“அவன் கடைசியாச் சொன்னதும் அதே சொல்லுதான்.”

எங்கட வீட்டுப் பிள்ள, எங்கட கதை ஒண்டை முழுசாக் கேட்டு நான் கண்டதே அண்டைக்குத்தான். நாங்க இவளுக்கு இதையெல்லாம் சொல்லியே வளர்க்கல்ல. கேக்கமாட்டாள் எண்டு நாங்களே முடிவுகட்டிட்டம். அடுத்த வருசம் இவளும் தெற்க படிக்கப் போறாள். டானி மாதிரித் திரும்பி வருவாளோ தெரியாது.

“டாடி, யூ ஆர் இம்பாசிபிள்” எண்டாள். சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, ஜக்கெற்றும் போடாம றோட்டைக் கடந்து போனாள். தவம், “இஞ்சருங்க, பிடியுங்க அவளை!” எண்டு கத்தினாள். நான் பிடிக்கல்ல. ஜன்னலுக்குப் பக்கத்தில நிண்டன். முன் வீட்டுக் கதவு திறந்தது, அபி உள்ளுக்குப் போனாள், கதவு சாத்தினது. தவம் நறுக்கின கத்தரிக்காய் கறுத்துப்போற வரைக்கும் அது திரும்பத் திறக்கல்ல.

வரக்குள்ள அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“எல்லாம் சொன்னன். கடைசிச் சொல்லை மட்டும் சொல்லல்ல. அது நீங்க சொல்லவேண்டியது.”

“அவ என்ன சொன்னா?”

அபி தமிழில சொன்னாள். ஒவ்வொரு சொல்லாத் தேடித் தேடிச் சொன்னாள். “முதல்ல சிரிச்சா. பிறகு அழுதா. ‘என்ட வீட்டில சாகிறதுக்கு இனி ஆர் இருக்கு? நான் மட்டும்தானே. எனக்குப் பயமில்ல எண்டு உன்ட தகப்பனிட்டச் சொல்லு. சனிக்கிழமை வரச் சொல்லு’ எண்டா.”

தவம் கதிரையில குந்திட்டாள். மன்னிச்சாவா, இல்லாட்டி இன்னும் பெரிய பாரத்தைத் தூக்கி வைச்சாவா எண்டு எனக்கு விளங்கல்ல.

7

சனிக்கிழமையும் வந்து போச்சு. மூண்டு பேரும் போனம். தவம் அதே சட்டியில அதே மீன்குழம்பு. மீன் கடை மீன்தான், ஒரு வருசமா எங்களுக்குப் புகை மீன் ஏது?

முத்தத்தில நெருப்பு. சனம் எங்களைப் பார்த்தது, பார்க்கட்டும். றோஸ் அக்கா வந்து சட்டியை வாங்கினா. மெலிஞ்சு போயிருந்தா. தட்டில போட்டு என்ட கையில தந்தா. நானே நெருப்பில போட்டன். “டானிக்கு” எண்டு அபிதான் பக்கத்தில நிண்டு சொன்னாள்.

சாப்பிட்டம். காட்ஸ் விளையாடின மேசையில என்னையும் இருத்தினாங்க, ஒரு விளையாட்டும் விளங்காமத் தோத்தன். டானி ஒருக்கா என்ட முடிச்சை அவிழ்க்க ஏலாம கத்தியால வெட்டின கதையை ஒரு பெறாமகன் சொன்னான், எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சன். வெளிய ஏரிப் பக்கம் பொழுது மங்கினது. தவம் கண்ணைக் காட்டினாள். வெளிக்கிடணும்.

சப்பாத்துப் போடுற இடத்தில குனிஞ்சு, ஏற்கெனவே கட்டின கயிறை அவிழ்த்துத் திரும்பக் கட்டினன். நிமிர்ந்தா றோஸ் அக்கா வாசல்ல நிக்கிறா, கதவுப் பிடியில கை.

“இப்ப எப்படிப் போகப் போறாய்?” எண்டா.

அவக்குப் பின்னால முத்தத்தில நெருப்பு எரிஞ்சுகொண்டிருக்கு. திவசம் எண்டா சொல்லலாம் எண்டு அம்மா. சொல்லக் கூடாது எண்டு தவம். வேலிக்கு வெளிய சித்தப்பா. எனக்கு ஒண்டும் தெளிவில்ல. ஆனா அவ கேட்டுக்கொண்டு நிக்கிறா, போன வருசம் மாதிரியே நிக்கிறா.

“அக்கா, போயிட்டு வாறன்” எண்டன். எங்கட பாஷையிலயேதான் சொன்னன்.

அவட முகம் மாறிப்போச்சு. “என்ன சொன்னாய்? அந்தக் கடைசிச் சொல்லு?”

“வாறன்.”

“அது டானி சொல்லுறது.” என்ட ஜக்கெற்றுக் கையைப் பிடிச்சா. “காலமை வெளிக்கிடக்குள்ள இந்தக் கதவில நிண்டு சொல்லுவான். பிளேன்காரர் பாவிக்கிற சொல்லு எண்டு நான் நினைச்சன்.”

“எங்கட பாஷை. நான்தான் பழக்கினன். அண்டைக்குக் கடைசியா என்னட்டச் சொன்னதும் அதுதான். நீங்க கேட்டதுக்கு அதுதான் பதில்.”

“கருத்து என்ன?”

“திரும்பி வருவன் எண்டு.”

கையை விடாம அவ திரும்பி முத்தத்து நெருப்பைப் பார்த்துக்கொண்டு நிண்டா. தவமும் அபியும் படியில அசையாம நிண்டாங்க.

“அவன் வரல்ல” எண்டா. பிறகு என்ட முகத்தைப் பார்த்தா. “நீ வா.”